கோடு என்றால் நட, புள்ளி என்றால் நில்

குற்றாலம்,
26-5-2025

அத்தானுக்கு,

சங்கரேஸ்வரி எழுதுகிறேன். மூன்று வருஷமாக உங்கள் போனை நான் எடுக்கவில்லை, இப்போதும் எடுக்கப் போவதில்லை. பேச ஆரம்பித்தால் இரண்டாவது நிமிஷமே சண்டையில் போய் நிற்கும். எழுதும்போது கோபம் வந்தால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுக்கலாம். இது நாலாவது தாள்.

செண்பகவல்லி பிளஸ் டூ பாஸாகிவிட்டாள். பரீட்சையை வேறொரு பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தது. கண் நீங்கள் போகும்போது இருந்ததுபோல் இல்லை. அப்போது சாயங்காலம் ஆனால்தான் தட்டுத் தடுமாறுவாள். இப்போது நல்ல வெயிலிலும் ஆள் வந்தால் நிழல்போலத்தான் தெரிகிறதாம். ஒரு வருஷத்துக்குள் அதுவும் போய்விடும் என்று திருநெல்வேலி டாக்டர் சொல்லிவிட்டார். இந்த முறை அவர் படம் எதுவும் போட்டுக் காட்டவில்லை.

சென்னையில் கண் தெரியாத பிள்ளைகளுக்கு ஆறு மாதம் பயிற்சி கொடுத்து வேலையும் வாங்கிக் கொடுக்கிறார்களாம். போனில் பதில் சொல்லும் வேலை. செண்பாவுக்கு வாய்க்கென்ன குறைச்சல், அந்த வேலைக்குப் பிறந்தவள். மனுப் போட்டோம், கூப்பிட்டிருக்கிறார்கள். தங்குவதற்கு ஹாஸ்டல் ஒரு இடத்தில், பயிற்சி வேறு இடத்தில். நடுவில் மெட்ரோ ரயில். தனியாக வந்துபோகத் தெரிந்த பிள்ளைகளுக்குத்தான் இடமாம். முதல் நாள் அவர்கள் ஆள் ஒருவர் பின்னாலேயே வந்து பார்ப்பாராம். யாராவது கைபிடித்தால் சேர்க்க மாட்டார்களாம்.

நீங்கள் மெட்ரோவில் வெளியூர்க்காரர்களுக்கெல்லாம் வழிகாட்டும் வேலை பார்ப்பதாக எங்கள் லாட்ஜ் முதலாளி கௌரிசங்கர் அண்ணாச்சி சொன்னார். ஊருக்கெல்லாம் சொல்லுகிறவர் பெற்ற மகளுக்கும் சொல்லலாம். விலாசங்களைக் கீழே எழுதியிருக்கிறேன். வாசலில் இருந்து வாசல்வரை ஒவ்வொன்றாக எழுதுங்கள். நான் வாசித்துக் காட்டுகிறேன், அவள் மனப்பாடம் செய்துகொள்வாள்.

எனக்காகக் கேட்கவில்லை.

சங்கரேஸ்வரி


சென்னை,
2-6-2025

சங்கரி,

உன் கடிதத்தைக் கவரோடு பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றினேன். பிரிக்கப் பயமாக இருந்தது. கோர்ட்டு நோட்டீஸாக இருக்குமோ என்று நினைத்தேன்.

ஆமாம், அந்த வேலைதான். முதுகில் ‘பயணிகளுக்கு உதவி’ என்று எழுதிய கோட்டு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். காலை ஷிஃப்டில் மட்டும் இருபது பேரையாவது கைபிடித்து ஏற்றிவிடுகிறேன். நகரும் படியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. போன வாரம் கடையநல்லூரில் இருந்து வந்த ஒரு அம்மா, கார்டு வைக்கும் கதவு திறந்ததும் கும்பிட்டுவிட்டு உள்ளே போனது. பயப்படாதீர்கள் என்று ஒரு நாளைக்கு நூறு முறை சொல்லுகிறேன். எனக்கு யாரும் சொல்லவில்லை.

நீ கொடுத்த விலாசத்துக்கு ஞாயிற்றுக்கிழமை போனேன். ஹாஸ்டல் வாசலில் இருந்து கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு நடந்தேன். கூட வேலை பார்க்கும் ஹுஸைஃபா நான் விழாமல் பார்த்துக்கொண்டு பின்னால் வந்தான். மூன்று தடவை நடந்து முழங்காலில் சிராய்ப்பு வாங்கின பிறகு எழுதுகிறேன். செண்பாவுக்கு வாசித்துக் காட்டு.

செண்பா, ஹாஸ்டல் வாசலில் இடது கைப்பக்கம் சுவர். அந்தச் சுவர் முடிகிற இடத்தில் ஸ்டேஷன். அது பூமிக்கு அடியில் இருக்கிறது. தரையில் மஞ்சள் கல் பதித்திருப்பார்கள். செருப்புக் காலுக்கே தெரியும். நீளமாகக் கோடு போட்ட கல் என்றால் தைரியமாக நடக்கலாம். புள்ளி புள்ளியாகப் புடைத்த கல் என்றால் நிற்க வேண்டும். அங்கே படியோ, திருப்பமோ, பிளாட்பார ஓரமோ இருக்கும். கோடு என்றால் நட, புள்ளி என்றால் நில். இது ஒன்று தெரிந்தால் பாதி மெட்ரோ தெரிந்த மாதிரி. கார்டு வைக்கும் பெட்டி எப்போதும் வலது கைப்பக்கம். வைத்ததும் ஒரு சத்தம், கதவு விலகும் சத்தம் இன்னொன்று. இரண்டாவது சத்தம் கேட்ட பிறகு போ. கீழே பிளாட்பாரத்தில் கண்ணாடிச் சுவர் இருக்கிறது, ரயில் வந்தால்தான் அதில் கதவு திறக்கும். விழுவதற்கு வழியே இல்லை. நாலாவது ஸ்டேஷனில் இறங்கு. பெயரைத் தமிழில் சொல்லுவார்கள், எந்தப் பக்கம் கதவு திறக்கும் என்றும் சொல்லுவார்கள்.

திரும்பி வருகிற வழியை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அந்த ஸ்டேஷன் மேம்பாலத்தின் மேல் இருக்கிறது. இன்னும் இரண்டு தடவை நடந்து பார்க்க வேண்டும்.

சங்கரி, நீ எழுதியதே போதும்.

இசக்கிப்பாண்டி


குற்றாலம்,
11-6-2025

அத்தானுக்கு,

சீசன் ஆரம்பித்துவிட்டது. லாட்ஜில் பதினாறு ரூமும் நிரம்பிவிட்டது, எனக்குப் பெட்ஷீட் துவைத்தே கை வெளுத்துவிட்டது. அதற்கு நடுவில் உங்கள் பாடம் நடக்கிறது.

மாடி வராந்தாவில் தென்னங்கயிற்றை நீளமாக ஒட்டியிருக்கிறேன், அதுதான் கோடு. புள்ளிக்கு என்ன செய்வது என்று யோசித்துவிட்டு, சோடா மூடிகளைப் பலகையில் கவிழ்த்து ஆணி அடித்துவிட்டேன். நேற்று மதுரைக்காரர் ஒருவர் குளித்துவிட்டு ஈரக்காலோடு வந்து அதில் மிதித்து, “என்னம்மா, லாட்ஜா நடத்துறீங்க, சர்க்கஸா” என்று கத்தினார். கௌரிசங்கர் அண்ணாச்சி அவரைச் சமாதானப்படுத்திவிட்டு என்னிடம் வந்து, “நீ பாட்டுக்கு நடத்து தாயி, இவன் போனா வேற ஆளு வராமலா போயிருவான்” என்றார். அவருக்குப் பெரிய மனது.

செண்பா உங்கள் கடிதத்தைத் தலைகீழ்ப் பாடமாகச் சொல்லுகிறாள். “எம்மா, ரெண்டாவது சத்தம் கேட்டப்பொறவு போ” என்று சோற்றுத் தட்டை எடுக்கும்போதும் சொல்லிக்கொள்கிறாள். கயிற்றில் நடக்கிறாள், மூடியில் நிற்கிறாள். ஆனாலும் வெளியே தெருவில் விட்டால் என் முந்தானையைத்தான் தேடுகிறாள்.

அருவிக்கு மட்டும் யாரும் கூட வரக்கூடாது. ஆறு வயதில் இருந்து போகிறவள் அல்லவா. இப்போதும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுவாள். சத்தம் கூடிக்கொண்டே வரும், அப்புறம் சாரல் முகத்தில் அடிக்கும், இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரி அடிக்கும்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு நேரே நடந்தால் பொம்பளைகள் பக்கத்துக் கம்பி கைக்கு வந்துவிடும் என்கிறாள். கண் இருக்கிறவர்கள்தான் அங்கே வழுக்கி விழுகிறார்கள். அதை மட்டும் பார்த்தால் இவளுக்குக் கண் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு டாக்டர் இரண்டு வட்டம் போட்டு, நடுவில் கோடு போட்டு, ‘சொந்தத்துக்குள் கட்டினதால்தான்’ என்றாரே. பஸ்ஸில் வரும்போது, உங்களைக் கட்டியதற்குக் கிணற்றில் விழுந்திருக்கலாம் என்று சொன்னேன். கடையத்து வயல் வெளியே போய்விடக்கூடாது என்று நம்மைக் கட்டி வைத்தவர்கள் வேறு யாரோ. அவர்களைத் திட்ட முடியாமல் உங்களைத் திட்டினேன். நீங்களும் மறுமாதமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். அதை நான் மறக்கவில்லை. இதை எழுதின தாளைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன், கிழிக்கவில்லை.

திரும்பி வருகிற வழியை எழுதுங்கள்.

சங்கரேஸ்வரி


சென்னை,
19-6-2025

சங்கரி,

நான் பெட்டியைத் தூக்கியது உன் பேச்சுக்காக இல்லை. செண்பா ஒவ்வொரு தடவை கதவில் முட்டும்போதும் நீ என்னைப் பார்ப்பாய். அந்தப் பார்வைக்கு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. கோழைத்தனம்தான். இங்கே வந்தும் அது போகவில்லை.

செண்பாவுக்கு. பயிற்சி முடிந்து வெளியே வந்தால் வலது கைப்பக்கம் நடைபாதை, அதிலும் மஞ்சள் கல் உண்டு. லிஃப்டில் மேலே போ. பொத்தான்களில் புடைத்த எழுத்து இருக்கும். மேலே பிளாட்பாரம் திறந்த வெளி, காற்று நன்றாக வரும். இங்கே கண்ணாடிச் சுவர் கிடையாது. ஆனால் ஓரத்துக்கு முன்னாலேயே புள்ளிக் கல் வரிசையாக இருக்கிறது. அதை மிதித்ததும் நின்றுவிடு. ரயில் வந்து நின்று கதவு திறக்கும் மணி கேட்ட பிறகு மூன்று எட்டு வை, உள்ளே இருப்பாய். வேறு ஒன்றுமில்லை. கீழே செய்ததையே மேலே செய்கிறாய்.

சங்கரி, அவளுடைய முதல் நாளான ஜூலை நாலாம் தேதி நான் லீவு போட்டிருக்கிறேன். எழும்பூரில் வந்து உங்களை இறக்கிக்கொள்ளட்டுமா? வேண்டாம் என்றால் வரவில்லை. மேலே பிளாட்பாரத்தில் மட்டும் தள்ளி நின்று பார்க்கிறேன். கைபிடிக்க மாட்டேன், கூப்பிட மாட்டேன். நான் அங்கே நிற்பது அவளுக்குத் தெரியவே வேண்டாம்.

இசக்கிப்பாண்டி


சென்னை,
7-7-2025

சங்கரி,

ஹாஸ்டல் வாசலில் நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் அவளைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாய். பேச வேண்டியது என் கடமை. அன்றைக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போகும்போது ஒரு குறையும் இல்லை. அந்தப் பயிற்சிக்காரர் பின்னாலேயே போனார், அவருக்குப் பின்னால் நான். கார்டு வைத்தாள், இரண்டாவது சத்தம் கேட்டுப் போனாள், நாலாவது ஸ்டேஷனில் இறங்கினாள். என் மகள் இத்தனை கம்பீரமாக நடந்து நான் பார்த்ததில்லை. மனதுக்குள் உனக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

திரும்பும்போது மேல் பிளாட்பாரத்தில் புள்ளிக் கல்லில் சரியாக நின்றாள். நான் இருபது அடி தள்ளி ஒரு தூணை ஒட்டி நின்றேன். ரயில் வளைவில் திரும்பி வந்தது. சத்தம் கூடியது, காற்று அவள் முடியைக் கலைத்தது. அவள் முகத்தை லேசாக அந்தப் பக்கமாகவும் இந்தப் பக்கமாகவும் திருப்பினாள். பிறகு சிரித்தாள் சங்கரி, நான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே புள்ளிக் கல்லைத் தாண்டி நடந்தாள். தடுமாறவில்லை. தெரிந்த இடத்துக்குப் போகிறவள் மாதிரி நடந்தாள்.

பூப்பையோடு நின்ற ஒரு அம்மா அவள் தோள்பையைப் பிடித்து இழுத்தது. இரண்டு பேரும் பின்னால் விழுந்தார்கள். ரயில் போய் நின்றது. நான் அப்போதும் தூணைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். கைபிடிக்க மாட்டேன் என்று உனக்கு எழுதிக் கொடுத்திருந்தேன் அல்லவா. அதைக் காப்பாற்றிவிட்டேன்.

ஏன் நடந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து அதையே யோசிக்கிறேன். நான் எதை எழுத மறந்தேன்?

இசக்கிப்பாண்டி


குற்றாலம்,
14-7-2025

அத்தானுக்கு,

நீங்கள் எதையும் மறக்கவில்லை. நான் எழுதியதை நீங்கள் வாசிக்கவில்லை.

அருவிக்கு எப்படிப் போகிறாள் என்று எழுதியிருந்தேன். சத்தம் கூடும், சாரல் முகத்தில் அடிக்கும், அவள் அதற்கு நேரே நடப்பாள். பன்னிரண்டு வருஷமாக அவள் உடம்புக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். மகள் அருவிக்கு நடந்திருக்கிறாள் அத்தான். நீங்கள் குற்றாலத்துச் சாரலில் வளர்ந்தவர்தானே, உங்களுக்கு அது தோன்றவில்லை. எனக்கும் முன்னாலேயே தோன்றவில்லை. பெருமையாக எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன். பிறகு அவளே சொன்னாள். “காத்தும் சத்தமும் வந்துச்சாம்மா, எனக்குக் கல்லு மறந்துபோச்சு. நம்ம ஊரு மாதிரியே இருந்துச்சு.”

அவளைப் பிடித்து இழுத்த அம்மாவின் பெயரைக்கூட நீங்கள் கேட்டு வைக்கவில்லை. நான் யார் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்வது?

அவள் மறுபடி போவேன் என்கிறாள். என்னைவிட அவளுக்கு நெஞ்சுரம் அதிகம். பயிற்சிக்காரர்களிடம் நீங்கள் பேசுங்கள். நான் பேசினால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

சங்கரேஸ்வரி


சென்னை,
21-7-2025

சங்கரி,

பேசினேன். இன்னொரு தேதி கொடுத்திருக்கிறார்கள், ஆகஸ்ட் பதினெட்டு. அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கும் பயம்தான்.

நான் நன்றாக யோசித்துவிட்டேன். கல்லைப் பற்றி இனி நிறையச் சொல்ல வேண்டாம். உடம்பில் பதிந்ததை உடம்பால்தான் மாற்ற வேண்டும். ஒரே ஒரு விதி வைத்துக்கொள்வோம். காற்றும் சத்தமும் சேர்ந்து முகத்தில் அடித்தால் நில். குதிகாலை ஊன்றி நில். காற்று நின்ற பிறகு நட.

லாட்ஜில் பெரிய ஸ்டாண்ட் ஃபேன் இருக்குமே, அதை வராந்தாக் கோடியில் வை. பக்கத்தில் மிக்ஸியை வெறுமனே ஓடவிடு. அவள் நடந்து வரும்போது திடீரென்று இரண்டையும் போடு. நின்றுவிட வேண்டும். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை. தூக்கத்தில் காற்று அடித்தாலும் கால் நிற்கிற அளவுக்குப் பழக்கு. தென்காசி ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய், செங்கோட்டை வண்டி வரும்போதும் நிறுத்திப் பார்.

உன் கடிதத்தை நான் வாசிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். அருவியைப் பற்றி எழுதிய வரியை நான்தான் சரியாக வாசிக்கவில்லை. வட்டம் போட்ட கதையையும் நீ மன்னிப்புக் கேட்டதையும்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

இசக்கிப்பாண்டி


குற்றாலம்,
8-8-2025

அத்தானுக்கு,

மிக்ஸி புகைந்துவிட்டது. வெறுமனே ஓட்டினால் புகையாமல் என்ன செய்யும். அண்ணாச்சி வேறு ஒன்று கொண்டுவந்து வைத்தார்.

முதல் வாரம் அவள் ஃபேனுக்கு நேரே நடந்தாள். கோபம் வந்து ஒரு நாள் அறைந்துவிட்டேன். கண் தெரியாத பிள்ளையை அறைந்தால் அது எந்தப் பக்கம் இருந்து அடி வருகிறது என்றுகூடத் தெரியாமல் முழிக்கிறது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மறுநாள் அவளே, “எம்மா, ஃபேனப் போடு” என்றாள்.

இப்போது நிற்கிறாள். ஆணி அடித்த மாதிரி நிற்கிறாள். தென்காசி ஸ்டேஷனில் நான் அவளை விட்டுவிட்டு நாலடி தள்ளி நின்றேன். வண்டி உள்ளே வரும்போது குதிகாலை ஊன்றி நின்றாள், முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் நின்றாள். வண்டி நின்று காற்று அடங்கிய பிறகுதான் கால் எடுத்தாள். பார்த்துக்கொண்டிருந்த போர்ட்டர் அண்ணாச்சி, “ரயில்வேக்காரன் வீட்டுப் பிள்ளையா தாயி” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அவள் அருவிக்குப் போயே பல நாள் ஆகிவிட்டது. பாடம் குழம்பிவிடும் என்று நான்தான் போகவிடவில்லை.

நிழலும் இப்போது தெரியவில்லை அத்தான். போன செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்து லைட்டைப் போடச் சொன்னாள். ஜன்னல் திறந்து வெயில் வந்துகொண்டிருந்தது. போட்டுவிட்டேன் என்று பொய் சொன்னேன். அவளுக்கும் தெரியும்.

எழும்பூருக்கு நீங்கள் வரலாம். அவளுக்கு இடம் கிடைத்தால் நானும் அங்கேயே ஏதாவது வேலை பார்த்துக்கொள்கிறேன். ஹாஸ்டல் எதற்கு, ஒரு ரூம் பிடித்தால் மூன்று பேர் இருந்துகொள்ளலாம். கிடைத்தால் என்று எழுதியிருக்கிறேன், கவனித்து வாசியுங்கள்.

சங்கரேஸ்வரி


சென்னை,
22-8-2025

சங்கரி,

நீங்கள் ஏறின வண்டி போன பிறகும் எழும்பூரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உனக்குப் பாதிதான் தெரியும். மீதியை நான் மட்டும்தான் பார்த்தேன், அதனால் சொல்லிவிட வேண்டும்.

போகும்போது கீழே கண்ணாடிச் சுவர் காற்றை மறைத்ததால் குறையில்லாமல் ஏறி இறங்கினாள். திரும்பும்போது மேல் பிளாட்பாரத்தில், இந்த முறை நான் தூணுக்குப் பின்னால் நிற்கவில்லை. அவளுக்கு ஆறடி பக்கத்தில் நின்றேன். விதி என்ன ஆனாலும் விழுந்தால் பிடித்துவிடுவது என்று. பிடிக்கத் தேவையே வரவில்லை. ரயில் வளைவில் வந்தது. காற்று அடித்ததும் குதிகாலை ஊன்றி நின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பயிற்சிக்காரரும் தலையை ஆட்டிக்கொண்டார்.

ரயில் நின்றது, மணி அடித்தது, கதவு திறந்தது. வெளியே நல்ல வெயில், உள்ளே ஏசி. கதவு திறந்ததும் குளிர்ந்த காற்று இரைச்சலோடு அவள் முகத்தில் வந்து அடித்தது. அவள் நின்றாள். காற்று நின்ற பிறகு நட என்று நான்தானே எழுதினேன். கதவு மூடினதும் காற்று நின்றது. நின்றதும் கால் எடுத்து வைத்தாள். ரயில் கிளம்பிக்கொண்டிருந்தது, மறுபடி காற்று அடித்தது, மறுபடி நின்றாள்.

அடுத்த ரயிலிலும் அப்படியே. இரண்டாவது ரயில் போன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு, “மணி கேட்டாப் போணும், மணி கேட்டாப் போணும்” என்று தனக்குத்தானே சொன்னாள். மூன்றாவது ரயில் வந்தது. மணி கேட்டது. உடம்பை முன்னால் தள்ளினாள், கால் வரவில்லை. கால் கல்லிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது சங்கரி. ஆட்கள் அவளைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். ஒருவர், “ஏம்மா, வழியில நிக்கறே” என்றார். நான் தினமும் இருபது பேரை ஏற்றிவிடுகிறவன். முழங்கையைத் தொட்டிருந்தால் போதும், ஏறியிருப்பாள். தொட்டால் இடம் போய்விடும். தொடாமல் நின்றேன். அப்படியும் போய்விட்டது.

பயிற்சிக்காரர் என்னிடம் வந்து, இது யாருடைய தப்பும் இல்லை என்றார். நல்ல மனுஷர். நான் அவரிடம், இது என்னுடைய தப்பு, நான் ஒரு வரி எழுதினேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

வேறு இடம் தேடுகிறேன். மதுரையில் ஒன்று இருக்கிறதாம், அங்கே மெட்ரோ இல்லை. இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த விதியை அவளுக்கு மாற்றிச் சொல்லிவிடு. இனி நிற்க வேண்டாம் என்று சொல்லிவிடு. என் பேரைச் சொல்லிச் சொல், நான் சொன்னதைத்தான் அவள் கேட்கிறாள்.

இசக்கிப்பாண்டி


குற்றாலம்,
15-9-2025

அத்தானுக்கு,

மதுரைக்காரர்களின் பதில் வந்தது. வெளியே தனியாக நடக்கிற பழக்கம் உண்டா என்று கேட்டிருந்தார்கள். முன்பு உண்டு என்று எழுதிப் போட்டேன். மறுபதில் இல்லை.

நீங்கள் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். உங்கள் பேரைச் சொல்லித்தான் சொன்னேன். “சரிம்மா” என்றாள். ஃபேனைப் போட்டதும் நின்றாள். “போ ஏட்டி, அப்பா போகச் சொல்லிட்டாங்க” என்று நான் பின்னால் இருந்து கத்துகிறேன். அவள், “போகத்தாம்மா பாக்கேன்” என்று அழுகிறாள். ஒரு வாரம் அப்படி நடந்தது. அண்ணாச்சி மேலே வந்து ஃபேனைப் பிடுங்கிக்கொண்டு கீழே போய்விட்டார். கயிற்றையும் சோடா மூடிப் பலகையையும் நானே பெயர்த்து எடுத்துவிட்டேன்.

சீசன் முடிந்து ஊர் காலியாகிவிட்டது. தண்ணீர் இன்னும் விழுகிறது, கூட்டம் இல்லை. நேற்றுக் காலையில் அவளிடம் துண்டைக் கொடுத்து, போய்க் குளித்துவிட்டு வா என்றேன். ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்துப் போகிறாள். தோளில் போட்டுக்கொண்டு பழைய மாதிரியே கிளம்பினாள். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. தெரியாமல் பின்னால் போனேன்.

கடைகளைத் தாண்டும்வரை நன்றாக நடந்தாள். சத்தம் கூடியது. நடந்தாள். சாரல் வந்து முகத்தில் அடித்தது. குதிகாலை ஊன்றி நின்றுவிட்டாள்.

கம்பிக்கு இன்னும் முப்பது அடி இருக்கும். ஆட்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். எண்ணெய் தேய்க்கிற பாண்டிராஜ் அவளைச் சின்னப் பிள்ளையில் இருந்து அறிந்தவன், “என்ன தாயி, வழி மறந்துட்டியா” என்று கேட்டான். தலைமுடியெல்லாம் நனைந்து தண்ணீர் சொட்டும்வரை அங்கேயே நின்றாள். நான் ஓடிப்போய்க் கைபிடித்தேன். நான் பின்னால் வந்ததற்குக்கூட அவள் கோபப்படவில்லை. முன்பெல்லாம் அதற்கு ஊரையே கூட்டியிருப்பாள்.

கைபிடித்து நடத்திப்போய் அருவிக்கு அடியில் நிறுத்தினேன். என் கையை விடாமலேயே குளித்தாள். வரும்போது, “எம்மா, நாளையில இருந்து ரூம்லயே வாளியில குளிச்சுக்கிடுதேன்” என்றாள்.

அருவிக்குப் போகிற வழியை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை அத்தான். நீங்களும் இல்லை, நானும் இல்லை. அவளாகக் கண்டுபிடித்தது. அதனால் அதைத் திரும்பச் சொல்லிக் கொடுக்கவும் நமக்குத் தெரியவில்லை. உங்கள் கடிதங்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு நேற்று ராத்திரி முழுக்க வாசித்தேன். எல்லாவற்றையும் எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறீர்கள். கார்டு எந்தக் கையில், கதவு எந்தப் பக்கம், எத்தனை எட்டு. அதில் ஒரு வரி மட்டும் அவள் உடம்புக்குள் போய்விட்டது, வெளியே வரமாட்டேன் என்கிறது.

இன்று காலையில் அவளைக் கேட்டேன். அப்பா என்ன எழுதியிருந்தார், சொல்லு பார்ப்போம் என்றேன். பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். காற்று நின்ற பிறகு நட.

அருவியில் காற்று எப்போது நிற்கும், அத்தான்.

சங்கரேஸ்வரி